ஸ்டீரொயிட் மருந்தும் சத்தமின்றிப் பறிபோகும் பார்வையும்

கந்தப்பளையில் மாலை நேரக் குர்ஆன் மத்ரஸாவில் என்னிடம் ஓதும் மாணவர்களில் ஒருவனுக்கு வயது பதின்மூன்று. கெட்டிக்காரப் பிள்ளை. கடந்த வருடம் அவனிடத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். எழுந்து நடந்தால் பக்கத்தில் இருப்பவனின் ரெஹாலைத் தட்டிவிடுவான். வுழூச் செய்யும் இடத்தில் படியைத் தவறவிடுவான். முற்றத்தில் பந்து விளையாடும்போது வலப்பக்கமாக வரும் பந்து அவனுக்குத் தெரிவதேயில்லை. ஆனால், முஸ்ஹபைக் கையில் கொடுத்தால் ஓர் எழுத்தும் பிசகாமல் ஓதுவான். ஆகவே கண்ணில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. "கவனமில்லாதவன்" என்று இரண்டு மூன்று தடவைகள் ஏசியும் இருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒரு நாள் அவனுடைய உம்மா வந்து, "ஹஸ்ரத், இவனுக்குக் கண் கடி. மருந்து ஊத்துற நேரத்துக்குக் கொஞ்சம் வெளியே விடுங்க" என்று கேட்டார். கையில் ஒரு சிறிய போத்தல். எவ்வளவு காலமாக ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டரை வருடம் என்றார்!

நடந்தது இதுதான். ஒவ்வொரு வருடமும் தை, மாசி மாதங்களில் எங்கள் பகுதியில் காலையில் உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் புழுதியுமாக இருக்கும். அந்த நாட்களில் பிள்ளையின் கண்கள் சிவந்து, கசக்கிக் கசக்கி வீங்கிவிடும். முதல் தடவை ஒரு டொக்டரிடம் காட்டியபோது, இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். மூன்றே நாளில் கடி போய்விட்டது. அதன் பிறகு கடி வரும்போதெல்லாம் வெற்றுப் போத்தலைக் கொண்டுபோய்ப் பாமசியில் காட்டுவார்கள். அங்கே துண்டு கேட்காமலேயே அடுத்த போத்தலைக் கொடுத்துவிடுவார்கள். விலையும் பெரிதல்ல. அந்தப் போத்தலில் எழுதியிருந்த பெயர் டெக்ஸாமெதசோன். அது ஒரு ஸ்டீரொயிட்.

கண் வைத்திய நிபுணரிடம் கொண்டு போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தார்கள். 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அளவு, வலக்கண்ணில் 38, இடக்கண்ணில் 34. நரம்பு பழுதடைந்திருந்தது. வலக்கண்ணின் பக்கப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. இனி அது திரும்பி வராது என்று வைத்தியர் சொன்னபோது அந்தத் தாய் நம்பவில்லை. "அவன் நல்லா வாசிக்கிறானே டொக்டர்" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நான் வைத்தியன் அல்லன், ஓதிக் கொடுப்பவன். ஆனால், அந்த வைத்தியரிடம் கேட்டும் பிறகு தேடிப் படித்தும் அறிந்துகொண்டதைச் சகோதரிகளாகிய உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது சரியல்ல என்று எண்ணுகிறேன். வீட்டில் மருந்துப் பெட்டி உங்கள் கையில்தானே இருக்கிறது!

ஸ்டீரொயிட் என்றால் என்ன?

நம்முடைய சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் ஒரு பொருளைப் போலவே செய்யப்பட்ட மருந்துதான் ஸ்டீரொயிட். 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு இது முதன்முதலாக ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். இரண்டே வருடத்தில், 1950 இல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. பத்து வருடம் கழித்து, 1960 இல், மூட்டு வாதத்துக்காக இம்மருந்தை நீண்ட காலம் குடித்தவர்களின் கண்ணில் வெண்படலம் வளர்வதை அமெரிக்க வைத்தியர்களே எழுதி வெளியிட்டார்கள். உயிர் காக்கும் மருந்து என்பதிலும் சந்தேகமில்லை, கண்ணைக் கெடுக்கக்கூடியது என்பதிலும் சந்தேகமில்லை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கண்ணுக்கு வரும் தீங்குகளில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. நமது தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். மேலேயிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கீழே கானில் சருகு அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி விளிம்பில் முட்டும். ஸ்டீரொயிட், கண்ணின் அந்த வடிகானை மெல்ல மெல்ல அடைக்கிறது. நீர் தேங்கி அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கினருக்கு அழுத்தம் ஓரளவு கூடும். நூற்றுக்கு ஐந்து பேரளவில் மிகக் கடுமையாக ஏறும். அந்த ஐந்து பேர் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பெற்றோர், சகோதரர்களில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், சீனி வருத்தம் இருந்தால், தூரப் பார்வைக்குக் கனத்த கண்ணாடி போடுபவராக இருந்தால் ஆபத்து அதிகம். சிறு பிள்ளைகளின் கண்களில் அழுத்தம் பெரியவர்களைவிட விரைவாக ஏறக்கூடும்.

இந்த நோயில் வலி இல்லை. சிவப்பு இல்லை. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். ஆகவேதான் என் மாணவன் முஸ்ஹபைப் பார்த்து ஓதினான், படியில் தடுக்கி விழுந்தான். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்க வைத்து "கண் நல்லது" என்று சொல்வதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அழுத்தத்தை அளக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் நரம்பைப் பார்க்க வேண்டும். உரிய காலத்தில் ஸ்டீரொயிட்டை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். போன நரம்பு மட்டும் போனதுதான்.

இரண்டாவது, வெண்படலம். வயதானவர்களுக்கு வருவதைப் போன்றதுதான்; ஆனால் ஸ்டீரொயிட்டால் வருவது வயது பாராது. கண் வில்லையின் பின்புறத்தில் நட்ட நடுவில் படர்வது இதன் வழக்கம். ஆகவே இதன் அடையாளமும் வேறு. வெயிலில் கண் கூசி ஒன்றும் தெரியாது. மஃரிப் நேரத்து மங்கலில் ஓரளவு தெரியும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது அந்த நடுப் படலம்தான் வழியை மறைக்கிறது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசொலோன் குளுசையை ஒரு வருடத்துக்கும் மேலாகக் குடிப்பவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. அதற்குக் குறைவாகக் குடிப்பவர்களுக்கு வரவே வராது என்றும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மூட்டு வாதத்துக்காக வருடக்கணக்கில் குளுசை குடிப்பவர், "நண்பகல் மலையில் கொழுந்தும் தெரியல்ல, கங்காணியும் தெரியல்ல; அந்திக்கு லயத்துக்கு வந்தா எல்லாம் தெரியுது" என்று சொல்லிச் சிரிப்பாராம். சுற்றியிருந்தவர்கள் வேலைக்குக் கள்ளம் என்று நினைத்தார்கள். அவருக்கு இரு கண்களிலும் வெண்படலம்.

அல்ஹம்துலில்லாஹ், வெண்படலத்தைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற முஸ்லிம் கண் வைத்தியர், உள்ளே துளையுள்ள ஊசியால் மென்மையான வெண்படலத்தை உறிஞ்சி எடுத்தார் என்பதை அறபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில் ஆச்சரியத்தோடு படித்தேன். இன்று சில நிமிடங்களில் புதிய வில்லையே வைத்துவிடுகிறார்கள். குளுக்கோமாவுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவேதான் இரண்டில் அதற்கே அதிகமாகப் பயப்படச் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் சம்பவம்

நுவரெலியா என்றதும் சில சகோதரிகளுக்கு இது நினைவுக்கு வரும். 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் வெண்படலச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குக் கண்ணில் கடும் தொற்று ஏற்பட்டுப் பார்வை பறிபோனது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை உட்பட வேறு இடங்களிலும் பாதிப்பு வந்தது. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டோர். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊற்றிய, இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் தயாரான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்து கிருமி கலந்திருந்தது என்று கண்டு, அதைப் பாவனையிலிருந்து அகற்றினார்கள்.

அது ஸ்டீரொயிட்டின் பக்கவிளைவு அல்ல. அசுத்தமான மருந்தினால் நேர்ந்த அநியாயம். ஆனால், அந்தப் பெயர் பத்திரிகைகளில் வந்ததும் எங்கள் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? முட்டு வருத்தத்துக்குப் பிரெட்னிசொலோன் குளுசை குடித்துவந்த ஒரு பெரியவர், "கண்ணைக் குருடாக்குற மருந்து" என்று அதை அன்றே வீசிவிட்டார். மூன்றாம் நாள் எழும்ப முடியாமல், வாந்தியும் மயக்கமுமாக அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீரொயிட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து குடித்தால், உடம்பில் அதைச் சுரக்கும் சுரப்பிகள் தூங்கிவிடுகின்றன. திடீரென நிறுத்தினால் உடம்புக்கு வெளியிலிருந்தும் கிடைக்காது, உள்ளிருந்தும் கிடைக்காது. உயிருக்கே ஆபத்து. வைத்தியர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு சகோதரியாவது தன் பிள்ளையின் குளுசையை நிறுத்தினால், நான் எழுதியது நன்மையாகாது, பாவமாகிவிடும்.

எந்தெந்த வீடுகளில்?

பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஓர் உருவத்தில் இம்மருந்து இருக்கிறது. எங்கள் மலைநாட்டுக் குளிரில் முட்டு, இழுப்பு இல்லாத வீடு குறைவு. உறிஞ்சும் இன்ஹேலரிலும் ஸ்டீரொயிட் உண்டு. ஆனால் அளவு மிகச் சிறியது, கண்ணுக்கு ஆபத்தும் குறைவு. அதைப் பயந்து நிறுத்தி, பிறகு மூச்சு முட்டிக் குளுசைக்கும் ஊசிக்கும் போவது புத்தியல்ல. முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கும் பிள்ளைக்கு, பிடித்து முடிந்ததும் முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும் நோயுள்ள பிள்ளைகள் மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் குடிக்கிறார்கள். லூபஸ், மூட்டு வாதம் உள்ள பெண்களும் அப்படித்தான். இவர்களுக்கு மருந்து அவசியம். கண் பரிசோதனையும் அதே அளவு அவசியம். "கிளினிக்குக்கு ஒழுங்காகப் போறோம்" என்பார்கள். அது சிறுநீரக கிளினிக், மூட்டு கிளினிக். "கண்ணையும் காட்ட வேண்டுமா, டொக்டர்?" என்று நீங்களே கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் ஊராக வந்து முட்டுக்கும் மூட்டு வலிக்கும் தூள் விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அப்படிச் சொல்லி விற்கப்படும் சில தூள்களில் ஸ்டீரொயிட் களவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பத்து வருட வலி இரண்டே நாளில் போய், பசி கூடி, ஒரு மாதத்தில் கன்னம் உருண்டு வந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, சொல்லக் கூச்சமான விஷயம். கலியாணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் நிறம் வெளுக்க வேண்டும் என்று பூசும் கிறீம். பீட்டாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வீரியமான ஸ்டீரொயிட்டுகள் அவற்றில் கலந்து விற்கப்படுவதுண்டு. முகத்தோல் மெலிந்து சிவப்பதைப் பலரும் அறிவார்கள். கண் இமையிலும் அதைச் சுற்றியும் மாதக்கணக்கில் பூசினால் கண்ணின் உள்ளழுத்தமும் ஏறும் என்பதைக் குறைவானவர்களே அறிவார்கள். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்பதை நிறுத்தினால் இந்தக் கிறீம்களும் குறையும். அதை ஆண்களுக்கு ஜும்ஆவில் சொல்லிக்கொள்கிறேன்.

தேயிலை வாதோ லீக்ஸ் இலையோ கண்ணில் கீறினால் வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றுகிறார்கள். இது பெரும் தவறு. இலை, குச்சியால் பட்ட காயத்தில் பூஞ்சணம் இறங்கக்கூடும். ஸ்டீரொயிட் சிவப்பையும் வலியையும் அடக்கி, ஆறிவிட்டது போலக் காட்டும். உள்ளே பூஞ்சணம் கண்ணின் கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். சீனி வருத்தமும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 இல் இந்தியா கண்டது. கொரோனாவுக்காக அளவுக்கு மிஞ்சி ஸ்டீரொயிட் ஏற்றப்பட்ட, சீனி கட்டுப்படாத நோயாளிகளிடையே கறுப்புப் பூஞ்சணம் பரவி, தமிழ்நாடு உட்பட நாடெங்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உயிரைக் காப்பாற்றக் கண்ணையே அகற்ற வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்டீரொயிட் கொடுக்கும் நாட்களில் சீனியை அடிக்கடி பார்ப்பதை மறக்காதீர்கள்.

எப்போது காட்டுவது? ஸ்டீரொயிட் சொட்டு மருந்து என்றால், தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்குள் அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து ஊற்ற நேர்ந்தால் வைத்தியர் சொல்லும் தவணைகளில். குளுசை மாதக்கணக்கில் நீடிக்கும் என்று தெரிந்தால் ஆரம்பத்தில் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. கண்மணியை விரிக்க மருந்து ஊற்றுவார்கள்; சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். போகும்போது குடிக்கிற, ஊற்றுகிற, பூசுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிறீமையும் வெட்கப்படாமல் போடுங்கள். வீட்டில் முட்டு உள்ளவர் என்றால் அதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அழுத்தத்தைக் குறைக்க வழமையாகக் கொடுக்கும் டிமொலோல் என்ற சொட்டு மருந்து முட்டுக்காரருக்கு மூச்சை அடைத்துவிடும்.

றமழானில் சொட்டு மருந்து

அழுத்த நோய்க்கு மருந்து ஊற்றுபவர்கள் பலர் றமழான் வந்ததும், நோன்பு முறிந்துவிடும் என்று முப்பது நாளும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு மாதத்தில் அழுத்தம் ஏறிப் பழுதாகும் நரம்பு ஷவ்வாலில் திரும்பி வராது. நமது ஷாபிஈ மத்ஹபில் கண் என்பது உள்ளே செல்லும் திறந்த வழியாகக் கணிக்கப்படுவதில்லை. சுர்மா இட்டு அதன் சுவை தொண்டையில் தெரிந்தாலும் நோன்பு முறியாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமியும் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்றே தீர்மானித்தது. மனதுக்குச் சங்கடமாக இருந்தால், ஊற்றியதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமர்த்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்குவது வெகுவாகக் குறையும். கண்ணிலும் நன்றாகத் தங்கும். குளுசையின் நிலை வேறு. அது நோன்பை முறிக்கும். நேரத்தை ஸஹருக்கோ இப்தாருக்கோ மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

என் மாணவனுக்கு அந்த ஸ்டீரொயிட் போத்தலை நிறுத்தி, கடிக்கு வேறு வகை மருந்து கொடுத்தார்கள். இடக்கண்ணில் அழுத்தம் இறங்கியது. வலக்கண்ணில் இறங்காததால் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது அவன் மத்ரஸாவில் சுவர் ஓரமாக, வலப்பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் உட்காருகிறான். நான்கு ஜுஸ்உ மனனமாகிவிட்டது. அவனுக்கு ஏழு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். இந்த வருடம் அவளுக்கும் கண் கடி தொடங்கியிருக்கிறது. ஸ்டீரொயிட்டுக்கு அழுத்தம் ஏறும் தன்மை குடும்பத்தில் வரக்கூடும் என்பதால் அவளையும் அழைத்து வரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். இரண்டு பிள்ளைகளோடும் முதல் பஸ்ஸில் போவதாக உம்மா நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார்.